அடிமைச் சொல்லும் கூலிச் சொல்லும்

விடுமுறை நாட்களில் கியா பார்ம் சந்தைக்கு வந்து போவோர் பல திறத்தினர். ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், மலைச்சாலையின் இருமருங்கும் நெருங்கி நிற்கும் அக்கடைகளில், முட்டைக்கோசும் தக்காளியும் சோளக்கதிரும் கிழங்கு வகைகளும் குவிந்து கிடக்கும். சில திங்களுக்கு முன் அங்கு ஓர் ஐரோப்பியர் ஒரு கிழங்கைக் கையிலெடுத்து, இதன் பெயர் யாது எனக் கடைக்காரச் சீனப் பெண்மணியை வினவினார். அவர் ‘யாம்’ என்றார். துரைமகனார் தலையை அசைத்து, இது ‘யாம்’ அன்று, ‘டாரோ’ என்றார். பெண்மணி விடவில்லை, மலாயில் ‘கெலாடி’, இங்கிலீஷில் ‘யாம்’ என்றே சாதித்தார். அருகில் நின்ற நம் தோட்டத்து மூதாட்டி ஒருவர் நம் பக்கம் திரும்பி, “சேப்பங்கிழங்குதானே ஐயா, இதுக்கு ஏன் இத்தனை பேரு?” என்றார்.

அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அப்போது இயலவில்லை. ஆங்கிலப் பள்ளியில் பதினோர் ஆண்டு பயின்றோம் என்ற பெருமை மட்டும் இருந்தது. ஆங்கிலச் சொல்லென்றால் அது இங்கிலாந்தில் பிறந்தது, அல்லது இலத்தீனிலிருந்தும் கிரேக்கிலிருந்தும் முறையாக வந்தது என்பதே நாம் கொண்டிருந்த எண்ணம். பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த ‘யாம்’ என்ற சொல் அவ்விரு மரபையும் சேர்ந்ததன்று எனத் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் நாட்டில் வழங்கும் வொலோஃப் மொழியிலும், அதனைச் சூழ்ந்த நாடுகளில் வழங்கும் ஃபூலா மொழியிலும் ‘ஞாம்’ என்னும் ஒலியுடைய சொற்கள் உண்ணுதல், உணவு, சுவைத்தல் என்னும் பொருள்களில் உள்ளன. போர்த்துகேசிய மாலுமிகள் அதனைத் தம் வாயில் போட்டு ‘இஞாமே’ ஆக்கினர். ஆங்கிலேயர் ‘யாம்’ ஆக்கினர். ஆப்பிரிக்க உழவன் ‘உணவு’ என்று சொன்னதை வெள்ளையன் ஒரு கிழங்கின் பெயராகக் கொண்டு ஏழு கடலும் சுமந்து சென்றான். மலாயா வந்து சேர்ந்தபோது அது வேறொரு கிழங்கின் தலையில் ஏறிக்கொண்டது. ஆதலால் வெள்ளைத் துரை சொன்னது தாவர நூலுக்கு ஒத்தது. சீனப் பெண்மணி சொன்னது இந்நாட்டு வழக்குக்கு ஒத்தது. சொல்லுக்கு உரியவனோ அங்கு இருக்கவேயில்லை.

வாழைப்பழத்தின் கதை இதனினும் விந்தையானது. ‘பனானா’ என்ற சொல்லும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துகேசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்ததே. ஆனால் வாழை என்னும் பயிர் ஆப்பிரிக்காவில் தோன்றியதன்று. நியூகினியும் நமது தென்கிழக்காசியத் தீவுகளுமே அதன் தாயகம். ஐரோப்பியர் அக்கரைகளைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அது இந்துமாக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா சென்று, ஆங்குள்ள மக்களின் சோறாகவே ஆகிவிட்டது. ‘பீசாங்’ என்று மலாய்க்காரரும், ‘வாழை’ என்று நாமும் தத்தம் பெயரிட்டு வளர்த்த ஒன்று, மேற்கே போய் வேறொரு பெயர் பெற்று, அப்பெயரோடு ஆங்கிலப் பள்ளிப் புத்தகத்தில் ஏறி, நம் பிள்ளைகளுக்கே இரண்டாம் எழுத்துக்குப் படமாக வந்து நிற்கிறது.

வெண்டைக்காய்க்கு மலாயா ஆங்கிலத்தில் ‘லேடீஸ் பிங்கர்’ என்று பெயர். அமெரிக்கர் அதனை ‘ஓக்ரா’ என்பர். அஃது இன்றைய நைஜீரியாவில் வாழும் இக்போ மக்களின் சொல். அதே காயை இட்டுச் சமைக்கும் ஒருவகைக் குழம்புக்கு லூயிசியானா நாட்டில் ‘கம்போ’ என்று பெயர். அது மேலும் தெற்கே, அங்கோலாப் பக்கத்து மொழிகளில் வெண்டைக்கு உரிய பெயரிலிருந்து வந்தது. 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கடைக்காரர் செய்து விற்ற பானம் இன்று கியா பார்ம் சந்தையின் பனிப்பெட்டி ஒவ்வொன்றிலும் இருக்கிறது. அதன் பெயரின் பிற்பாதியான ‘கோலா’, மேற்கு ஆப்பிரிக்கர் விருந்தினர்க்கு அளிக்கும் ஒரு கொட்டையின் பெயர். நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போன்று அவர்கள் கோலாக் கொட்டை வைத்து உபசரிப்பர்.

இச்சொற்கள் எவ்வாறு ஆங்கிலத்தினுள் புகுந்தன? வாணிகத்தால் புகுந்தவை சில. பெரும்பாலன புகுந்த வழி கப்பலின் அடித்தட்டே. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவருள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேரே உயிரோடு கரை கண்டனர் என்றும் கப்பற் குறிப்புகளைத் தொகுத்தாராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். கரை இறங்கியவரிடம் ஆடையில்லை, பொருளில்லை, பெயரும் நிலைக்கவில்லை. ஒரே மொழி பேசுவோரை ஒரே இடத்தில் வைத்தால் கலகம் செய்வர் என்று அஞ்சிப் பிரித்து வைத்த முதலாளிகளும் உண்டு. அந்நிலையிலும் அம்மக்கள் தம்மோடு கொண்டு சென்று இறக்கிய ஒரே உடைமை வாய்ச்சொல்லாகும். அதற்குச் சுங்கம் விதிக்க ஒருவராலும் இயலவில்லை.

எனினும் ஆங்கிலம் அச்சொற்களை எல்லாம் மரியாதையோடு ஏற்றுக்கொண்டது என்று எண்ணுதல் தவறு. கறிகாய்களின் பெயருக்குக் கேடு நேரவில்லை. உயர்ந்த பொருள் தரும் சொற்களுக்கே கேடு நேர்ந்தது. இன்று பெனின் என வழங்கும் பழைய தகோமி நாட்டில் ‘வோடுன்’ என்றால் தெய்வம், ஆவி என்று பொருள். ஆங்கிலத்தில் அது ‘வூடூ’ ஆகி, பொம்மையில் ஊசி குத்தும் பில்லிசூனியமாயிற்று. காங்கோ நாட்டார் கடவுளை ‘ந்ஸாம்பி’ என்பர். திரைப்படங்களில் கையை நீட்டிக்கொண்டு நடக்கும் ‘ஸோம்பி’ என்னும் பிணத்தின் பெயரை அதனோடு தொடர்புறுத்துவர் அறிஞர். மாண்டிங்கா மக்களிடையே முகமூடி அணிந்து ஊர் வழக்குகளைத் தீர்க்க வரும் ஓர் ஆட்டக்காரனின் பெயர், ‘மம்போ ஜம்போ’ ஆகி, பொருளற்ற உளறலைக் குறிக்கும் சொல்லாய் முடிந்தது. பறை அறைந்த மக்களின் பெயரை எடுத்து ‘பறையா’ என்று ஆக்கி, எவராலும் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகமெங்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் எழுதி வருவதைக் காணும் தமிழனுக்கு இது புதுச் செய்தியன்று. ஆனால் அப்பழியை ஆங்கிலேயன் மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. அச்சொல்லை இழிபொருளில் அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் நம்மவரே.

இனி, நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், தென் கரோலினா, ஜார்ஜியா நாடுகளை ஒட்டிச் சிறு சிறு தீவுகள் பல உள. நெற்பயிர் அறிந்த மேற்கு ஆப்பிரிக்க மக்களைத் தேடிப் பிடித்து வந்து அங்கு நெல் விளைவித்தனர் தோட்ட முதலாளிகள். அவர்கள் வழியினர் பேசும் மொழிக்கு ‘கல்லா’ என்று பெயர். அது கெட்டுப்போன ஆங்கிலம் என்றும், சோம்பேறி நாவின் உளறல் என்றும், குழந்தைப் பேச்சு என்றும் கற்றோர் பலர் நெடுங்காலம் எழுதி வந்தனர். 1929-ஆம் ஆண்டுக் கோடையில் தென் கரோலினாவில் ஒரு கல்லூரிக்குக் கற்பிக்கச் சென்ற லோரன்ஸோ டௌ டர்னர் என்னும் கறுப்பினப் பேராசிரியரின் செவியில் அம்மொழி விழுந்தது. (நம் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ரஸ்ஸல் துரை தொடங்கியதும் அதே 1929-ஆம் ஆண்டில்தான், தொடர்பு ஒன்றுமில்லை, நினைவிற் கொள்ள எளிதாயிருக்கும் என்பதற்காகச் சொன்னோம்.) இது கெட்ட ஆங்கிலமன்று என அவருக்குப் பட்டது. தீவு தீவாகச் சென்று, ஒலிப்பதிவுக் கருவியோடு முதியோரிடம் அமர்ந்து கேட்டார். பின்னர் லண்டன் சென்று ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றார். இருபது ஆண்டு உழைப்பின் பயனாக 1949-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், கல்லா மக்களிடையே வழங்கும் ஆப்பிரிக்கப் பெயர்களும் சொற்களுமாக ஏறத்தாழ நாலாயிரத்தை மூலத்தோடு காட்டினார்.

அவர் கண்டவற்றுள் மிகுதியானவை ஆட்பெயர்கள். அம்மக்களுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. பள்ளியிலும் கச்சேரியிலும் வெள்ளையரிடத்தும் சொல்லும் ஆங்கிலப் பெயர் ஒன்று. வீட்டிலும் அயலிலும் அழைக்கும் பெயர் மற்றொன்று. முன்னர் ஆராய வந்த வெள்ளை அறிஞர்களிடம் அவர்கள் முதற் பெயரை மட்டுமே சொன்னார்கள். அவ்வறிஞர்களும் ஆப்பிரிக்கப் பெயர் ஒன்றேனும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டனர். டர்னர் அமர்ந்து பேசினார். இரண்டாம் பெயரும் வெளிவந்தது.

அவர் பதிவு செய்த பாட்டொன்றின் வரலாற்றைக் கூறாமல் மேலே செல்ல மனம் இடந்தரவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்னும் ஊரில் அமீலியா டாலி என்னும் பெண்மணி சில அடிகளே கொண்ட ஒரு பாட்டைப் பாடினார். பொருள் அவருக்குத் தெரியாது. தாய் வழியாக வந்த பாட்டு, அவ்வளவே. அது சியரா லியோன் நாட்டு மெண்டே மொழி என்று டர்னர் அறிந்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, ஜோசப் ஒப்பாலா என்னும் மானிடவியலாரும், சிந்தியா ஷ்மிட் என்னும் இசை ஆராய்ச்சியாளரும், தஸியெஃப் கொரோமா என்னும் மெண்டே மொழியறிஞரும் அப்பதிவைக் கையிற் கொண்டு சியரா லியோனில் தேடினர். சொற்களின் வட்டார வழக்கைக் கொண்டு ஊர்ப்பகுதியைக் குறுக்கிக்கொண்டு சென்றவர்கள், ஒரு சிற்றூரில் பெண்டு ஜபாத்தி என்னும் பெண் அதே பாட்டைப் பாடக் கேட்டனர். இறந்தோர்க்குச் செய்யும் சடங்கில் கல்லறையண்டை பெண்கள் பாடும் பாட்டாம் அது. பாட்டியிடம் கற்றதாக அவர் கூறினார். 1997-ஆம் ஆண்டில் அமீலியாவின் மகள் மேரி மோரன் கடல் கடந்து சென்று அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து அப்பாட்டைப் பாடினார். அடிமைக் கப்பல் பிரித்தவற்றுள் ஒரு பாட்டு ஒன்று சேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

பெயர்களைப் பற்றிச் சொன்னோம். கானா நாட்டு ஆக்கான் மக்கள் குழந்தை பிறந்த கிழமையைக் கொண்டு பெயரிடுவர். ஞாயிறன்று பிறந்தவன் குவாஸி. திங்களன்று பிறந்தவன் குவாட்ஜோ. வெள்ளியன்று பிறந்தவன் கோஃபி. சனியன்று பிறந்தவன் குவாமி. 1957-ஆம் ஆண்டில் கானாவுக்கு விடுதலை பெற்றுத் தந்த குவாமி நிக்ருமாவின் பெயர் அத்தகையது. ஜமேயிக்கா மலைகளில் தப்பியோடிய அடிமைகளைத் திரட்டிப் போர் செய்து, 1739-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரையே உடன்படிக்கைக்கு இணங்கச் செய்த தலைவன் ‘கட்ஜோ’வும் திங்கட்கிழமைப் பெயரே உடையவன். ஆனால் அதே ஜமேயிக்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பெயரான ‘குவாஸி’, வெள்ளையர் வாயில் ‘குவாஷி’ ஆகி, எந்தக் கறுப்பனையும் அழைக்கும் பொதுப் பெயராகிப் பின் மந்தபுத்தியுள்ள பட்டிக்காட்டான் என்ற பொருளைப் பெற்றது.

இதைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தவன் ராமசாமி. யூல், பர்னெல் என்னும் இரு ஆங்கிலேயர் தொகுத்து 1886-ஆம் ஆண்டில் வெளியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் அகராதியில் ராமசாமிக்குத் தனி இடம் உண்டு. தென்னிந்தியர் எவரையும், சிறப்பாக இலங்கைத் தோட்டக் கூலிகளை, அழைக்கும் பொதுப் பெயர் என்று அதற்குப் பொருள் கூறப்பட்டுள்ளது. தென்னாப்பிரிக்காவில் அப்பெயரின் வால் மட்டும் அறுபட்டு, இந்தியர் அனைவரும் ‘சாமி’ ஆயினர். காந்தியடிகள் தம் வரலாற்றில் இதனைக் குறிப்பிட்டு, அவ்வாறு அழைக்கப்பெற்ற இந்தியருள் சொல்வன்மை உடையோர், ‘சாமி என்றால் எசமானன், நானோ உமக்கு எசமானன் அல்லேன்’ என்ற கருத்தில் மறுமொழி கூறுவர் என்று எழுதியிருக்கிறார். அவரையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றுதான் அந்நாட்டு வெள்ளையர் அழைத்தனர்.

குவாஷிக்கும் ராமசாமிக்கும் உள்ள உறவு பெயரளவில் நிற்பதன்று. 1807-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பார்லிமெண்டு அடிமை வாணிகத்தைத் தடுத்தது. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமை முறையே ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1834-ஆம் ஆண்டு முதல் மோரீசுக்கும், 1838-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். குவாஷி விட்டுச் சென்ற குடிசையிலேயே ராமசாமி குடியேறினான் என்றால் அது வெறும் அணியன்று. பல தோட்டங்களில் நேர்ந்த உண்மை. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர் முதலில் கரும்பிலும், பின் காப்பியிலும் ரப்பரிலும் உழைத்தனர். 1910-ஆம் ஆண்டில் இந்நாட்டில் அவ்வொப்பந்த முறை ஒழிந்தது. கங்காணி முறையோ மேலும் நீடித்தது. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் குடியேறுதலைத் தடுத்த பின்னரே அக்கதவும் அடைபட்டது.

பிரெஞ்சுக்காரர் 1848-ஆம் ஆண்டில் அடிமைகளை விடுவித்தனர். 1853 முதல் அவர்கள் மார்த்தினீக்குத் தீவுக்குக் கொண்டு சென்றவருள் தமிழர் மிகப் பலர். அவர் வழியினர்க்கு இன்று தமிழ் தெரியாது. ஆயினும் அத்தீவினர் அனைவரும், வெள்ளையரும் கறுப்பரும் உட்பட, விரும்பியுண்ணும் ஒருவகை மசாலைக் கறிக்கு ‘கொலொம்போ’ என்று பெயர். இலங்கைத் தலைநகருக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. அது நம் ‘குழம்பு’. ழகரம் போயிற்று, சுவை போகவில்லை. அவர்கள் கோவிலில் ‘மல்தேவிதான்’ என்று ஒரு தெய்வம் குதிரையேறி நிற்கிறது; மதுரைவீரனை அப்பெயரில் அடையாளம் காண நமக்குச் சற்று நேரமாயிற்று. ஒரே அடுப்பங்கரையில் ஆப்பிரிக்கரின் வெண்டைப் பெயரும் தமிழரின் குழம்புப் பெயரும் சேர்ந்து வெந்துகொண்டிருக்கும் தீவு வேறு எங்குளது?

ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்களைப் பற்றிப் பெருமை பேசுவோர் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் கறியையும் சொல்லி நிறுத்திக்கொள்வர். மலாய் மொழிக்குக் கொடுத்தவற்றில் ‘கெடை’, ‘காப்பால்’, ‘காட்டில்’ என்று கடையையும் கப்பலையும் கட்டிலையும் சொல்வர். வாணிகர் கொடுத்த சொற்கள் இவை; நல்லன. உழைத்தவன் பெயராக ஊர் ஊராகத் திரிந்த ‘கூலி’யைப் பற்றி ஒருவரும் வாய் திறவார். அச்சொல்லின் பிறப்பைப் பற்றி இரு கொள்கைகள் உள. கூர்ச்சரத்தில் வாழும் ‘கோலி’ என்னும் மக்களின் பெயரிலிருந்து பிறந்தது என்பர் ஒரு சாரார், தமிழ்க் ‘கூலி’யே என்பர் மற்றொரு சாரார், இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன என்பாரும் உளர். எதுவாயினும், தமிழில் அச்சொல் ஆளைக் குறிப்பதற்கு முன் ஊதியத்தையே குறித்தது. திருவள்ளுவர் அதனை 619-ஆம் குறளில் ஆள்கின்றார். ஊழே கைவிட்டாலும் உடல் வருந்திய உழைப்பு தன் பயனைத் தராமற் போகாது என்று கூற வந்த இடத்தில், அப்பயனுக்கு அவர் இட்ட பெயர் கூலி. தெய்வத்துக்கு மேலே தூக்கி வைக்கப்பெற்ற அச்சொல், கப்பலேறி இறங்கியபோது மனிதனை விலைச்சரக்காகக் குறிக்கும் வசையாயிற்று. தென்னாப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இன்று அதனை வாய்விட்டுச் சொன்னால் சண்டை வரும். ‘வோடு’னுக்கு நேர்ந்ததும் ‘கூலி’க்கு நேர்ந்ததும் ஒன்றே.

நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கிராணி’ என்னும் நம் உத்தியோகப் பெயரே வடநாட்டிலிருந்து வந்த இரவல்; அதனை மறந்து, நம் தோட்டத்து மக்கள் ‘பெரட்டு’ என்று சொல்லும்போது அதனை ‘பரேடு’ என்று திருத்தி நகைத்தவர் நாம். ‘லயம்’ என்றால் ‘லைன்’ என்போம். கல்லா மொழியைக் கெட்ட ஆங்கிலம் என்ற அறிஞர்களின் பக்கம்தான் அந்நாளில் நாமும் இருந்திருப்போம் என்பதில் ஐயமில்லை.

அதனினும் பெரியது பெயர்ச் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற வள்ளியம்மை என்னும் பெண்மணி தம் சேமநிதியை எடுக்கச் சென்றபோது, செக்ரோலில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் இருந்ததால் மூவர் என்று கருதி அவரைத் திருப்பி அனுப்பினர். ஓரிடத்தில் ‘வாலியமை’, ஓரிடத்தில் ‘வெள்ளியம்மா’, மற்றோரிடத்தில் ‘வலியாமா’. செக்ரோலில் உள்ள பிழை யாருடையது என்று பழைய ஏட்டைப் புரட்டினோம். மேசைக்கு எதிரே நின்று அவர் சொன்ன பெயரைச் செவி கொடுத்துக் கேளாமல், அவசரத்தில் ஆங்கில எழுத்தில் கிறுக்கிய கை நம்முடையதே. சத்தியப் பத்திரம் எழுதி முத்திரை வைத்து அலைந்து அவர் பணம் பெறுவதற்கு ஏழு திங்களாயிற்று. நம்மை அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. “ஆபீசிலே அப்படித்தான் எழுதுவாங்க ஐயா, வீட்டிலே நான் வள்ளிதானே” என்றார். கல்லா மக்களின் இரண்டு பெயர்களைப் பற்றி நாம் படித்தது அதற்குப் பின்புதான்.

இன்று மலைத்தோட்டங்களில் தமிழர் பெயர்கள் செக்ரோலில் அருகிவிட்டன. வங்காள தேசத்தவரும் நேபாளத்தவரும் இந்தோனேசியரும் தேயிலை வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சரிவேறுகின்றனர். நிறுவைக் கொட்டகையில் நிற்கும் நேபாளத்து இளைஞன் ஒருவன் பறித்த இலையைக் ‘கொலுந்து’ என்கிறான். அவனுக்கு அச்சொல்லைக் கற்பித்தவர் யார் என்று கேட்டோம். முன்னர் வேலை செய்த வங்காளத்தான் என்றான். அவ்வங்காளத்தானுக்கு யார் கற்பித்தார் என்று கேட்கவில்லை. எங்கள் லயத்துப் பெண்டிருள் ஒருத்தியாய் இருக்க வேண்டும். சென்ற மாதம் புதிதாக வந்தவரைப் பதிவு செய்யும் நாளில், ஒவ்வொருவனையும் மூன்று முறை தன் பெயரைச் சொல்லச் செய்து எழுதினோம். அப்படியும் ஒருவன் பெயரில் ஓர் எழுத்து பிழையென்று மறுநாள் அவன் தோழன் வந்து சொன்னான். அடித்துத் திருத்தி, அருகில் கையொப்பமிட்டோம்.